தாழை ஹோமும் தலை ஹோமும்

ஒரு வாடிக்கையாளர் வந்து உட்கார்ந்து, தன் கடைக்கு இணையத்தில் என்ன பெயர் வைக்கலாம் என்று கேட்டால், வெப்சைட் செய்யும் உங்களில் பலர் உடனே கணினிப் பக்கம் திரும்பிவிடுகிறீர்கள். பெயர் காலியாக இருக்கிறதா, டாட் காம் கிடைக்குமா என்று பார்க்கிறீர்கள். அதில் தப்பில்லை. ஆனால் அந்தப் பெயரை ஒருவர் வாயால் சொல்ல, இன்னொருவர் காதால் கேட்டு எழுதினால் என்ன ஆகும் என்று யாரும் பார்ப்பதில்லை. எனக்கு அது ஒன்றுதான் கவலை. வேலையை விட்ட பிறகும் அந்தக் கவலை போகவில்லை. ஏன் என்று சொல்கிறேன்.

2006 வாக்கில் மேற்குத் தாம்பரத்தில், ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு மாடியறையில் நான் வெப்சைட் செய்துகொண்டிருந்தேன். டியூஷன் சென்டர், கல்யாண மண்டபம், மனை விற்பவர்கள் என்று சிறிய ஆட்கள்தான் வருவார்கள். அப்படி வந்தவர் எஸ்தர் மிஸ். பள்ளிக்கூடத்தில் தமிழ் ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவர். கூடுவாஞ்சேரியில் தன் வீட்டு மாடியை விரித்துக் கட்டி, பொத்தேரிக் கல்லூரியில் படிக்கும் பெண்களுக்காக ஒரு ஹாஸ்டல் நடத்தினார். வாசல் போர்டில் 'தாழை மகளிர் இல்லம்' என்று இருக்கும். வெளிநாட்டில் வேலை செய்யும் பெற்றோர்கள் இணையத்தில் தேடுகிறார்கள் என்று யாரோ சொல்லி, என்னிடம் வந்திருந்தார்.

பெயர் விஷயத்தில் அவருக்குச் சந்தேகமே இல்லை. தாழை, அதோடு ஹோம். தாழை என்பதற்கு ஆங்கிலத்தில் ழகரம் வரும் இடத்தில் இசட் எச் போட வேண்டும் என்றார்.

"மிஸ், நிறைய பேர் அந்த இடத்துல எல் போட்டுத்தான் எழுதுவாங்க," என்றேன்.

"எல் போட்டா அது தலை ஆயிடும் தம்பி. தலை ஹோம்! பொண்ணைச் சேர்க்க வர்றவங்க சிரிக்க மாட்டாங்க?"

"அப்ப அந்தப் பேரையும் சேர்த்து நாமளே வாங்கி வச்சுக்கலாம். யாராவது தப்பா அடிச்சாலும் நம்மகிட்டயே வந்துடும்."

பார்த்தேன். எல் போட்ட பெயரை முன்னாலேயே யாரோ வாங்கியிருந்தார்கள். திறந்தால் ஒரே ஒரு பக்கம். மண்வெட்டியோடு ஒரு பொம்மை மனிதன் தோண்டிக்கொண்டே இருப்பான். 'பணி நடைபெறுகிறது' என்று ஆங்கிலத்தில் ஒரு வரி. அக்காலத்தில் பாதி இணையம் அப்படித்தான் இருந்தது.

வேறு பெயர் யோசிக்கலாம் என்று நான் எவ்வளவோ சொன்னேன். மிஸ் கேட்கவில்லை. "கிளாஸ்ல ழகரத்துக்காகத் தொண்டை கிழியக் கத்தினவ நான். என் வீட்டுப் பேரையே நான் தப்பா எழுதணுமா?" என்று கேட்டார். பெயர் அவருடையது. இசட் எச் போட்டே பதிந்தேன். பக்கத்தின் அடியில் சின்ன எழுத்தில் வடிவமைத்தவர் என்று என் பெயரும் செல்போன் எண்ணும் இருந்தன. அதை அப்போது எல்லோரும் போடுவோம். வேறு வாடிக்கையாளர் வருவார் என்ற ஆசைதான்.

அடுத்த சில மாதங்கள் ஒன்றும் ஆகவில்லை. பெண்கள் சேர்ந்தார்கள். மிஸ் சந்தோஷமாக இருந்தார். நானும் மறந்துவிட்டேன்.

ஆடி வெயில் கொளுத்திய ஒரு நாள், மதியச் சாப்பாட்டுக்குக் கையைக் கழுவப் போகும்போது போன் அடித்தது. நீளமான வெளிநாட்டு எண்.

"ஹலோ, தாழை ஹாஸ்டலா?"

"இல்லீங்க. நான் அவங்களுக்கு வெப்சைட் செஞ்சவன்."

"சார், தயவுசெஞ்சு வச்சிடாதீங்க. நான் மஸ்கட்லேர்ந்து பேசுறேன். ஹாஸ்டல் நம்பர் அடிக்கவே மாட்டேங்குது. இப்பதான் இணையத்துல தேடினேன், ஹாஸ்டல் பக்கத்தோட அடியில உங்க நம்பர் இருந்துச்சு. என் பொண்ணு வந்து சேர்ந்துட்டாளான்னு மட்டும் கேட்டுச் சொல்லுங்க சார்."

அவர் பெயர் ஞானராஜ். நாகர்கோவில்காரர். மகள் பெனிட்டா மஸ்கட்டிலேயே பிறந்து வளர்ந்தவள், பொத்தேரியில் கல்லூரி சேர முதன்முறையாகத் தனியாக வருகிறாள். சனிக்கிழமை வருவதாகத்தான் மிஸ்ஸிடம் போனில் பேசியிருந்தார். டிக்கெட் மாறி, வியாழக்கிழமை காலையே விமானம் என்று ஆகிவிட்டது. இன்றுதான் வியாழக்கிழமை. அவளிடம் இந்திய செல்போன் கிடையாது. போய்ச் சேர்ந்ததும் ஹாஸ்டலிலிருந்து கூப்பிடச் சொல்லியிருந்தார். அவள் கூப்பிடவில்லை.

"நாள் மாறினது மிஸ்ஸுக்குத் தெரியுமா சார்?"

"மெயில் போட்டேனே. பதிலும் வந்துச்சே. ஓகே சார், கார் ஏர்போர்ட்டுக்கு வரும், கவலைப்படாதீங்கன்னு."

எனக்கு மூச்சு வந்தது. பதில் வந்திருக்கிறது என்றால் மிஸ் பார்த்துக்கொண்டிருப்பார். ஜி.எஸ்.டி. சாலையை அகலப்படுத்தத் தோண்டியதில் அந்தப் பக்கம் டெலிபோன் கேபிள் அறுந்திருந்தது எனக்குத் தெரியும். போன் அடிக்காததற்கு அதுதான் காரணம். மிஸ்ஸிடம் செல்போன் இல்லை. நேரில் போய்ப் பார்த்துவிட்டுச் சொல்கிறேன் என்று சொல்லி, வண்டியை எடுத்தேன்.

வண்டலூர் தாண்டும்போதுதான் ஒரு சந்தேகம் தட்டியது. ஹாஸ்டலில் இணையம் டயல்-அப். டெலிபோன் லைன் வழியாகத்தான் வரும். லைன் செத்துக் கிடக்கும்போது மிஸ் எப்படிப் பதில் போட்டார்? வெளியே பிரவுசிங் சென்டருக்குப் போயிருப்பார் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். வண்டி வேகம் மட்டும் தானாகக் கூடிவிட்டது.

மிஸ் வாசலில் காய்கறிக்காரரிடம் பேசிக்கொண்டிருந்தார்.

"பெனிட்டா வந்துட்டாளா மிஸ்?"

"அந்த மஸ்கட் பொண்ணா? அது சனிக்கிழமைல்ல வருது. கட்டிலெல்லாம் போட்டு வச்சிருக்கேன்."

"இன்னைக்குக் காலைல வந்தாச்சு மிஸ். மெயில் வந்ததுன்னு நீங்க பதில் போட்டீங்களாமே. கார் வரும்னு."

"எந்த மெயில்? போன் செத்ததுலேர்ந்து நான் கம்ப்யூட்டர் பக்கமே போகலியே."

சொல்லி முடிக்கும்போதே அவருக்குப் புரிந்துவிட்டது. காய்கறிப் பையைக் கீழே வைத்துவிட்டு, கேட்டைப் பிடித்துக்கொண்டு நின்றார். "அப்ப யாரு தம்பி பதில் போட்டது? யாரு கார் அனுப்பினது?"

அதே நேரம் மறுபடியும் மஸ்கட்டிலிருந்து போன்.

இந்த இடத்தில் கொஞ்சம் நில்லுங்கள். கடல் கடந்து ஒரு தகப்பன் காத்திருக்கிறார். அவரால் அங்கிருந்து எதுவும் செய்ய முடியாது. உண்மையைச் சொன்னால் துடித்துப் போவார். 'வந்துட்டா சார், தூங்குறா' என்று சொல்லிவிட்டு நாம் தேடலாமா என்று ஒரு நினைப்பு வந்தது. நல்ல எண்ணத்தில்தான் வந்தது. ஆனால் நமக்கு வேண்டிய ஒரே தடயம் அவரிடம்தான் இருந்தது. பொய் சொல்லிவிட்டு அதை எப்படிக் கேட்பது?

"சார், நீங்க மெயில் போட்ட அட்ரஸை ஒவ்வொரு எழுத்தா சொல்லுங்க," என்றேன்.

"டி, எச், ஏ, எல்…"

"எல்லா? இசட் எச் இல்லையா?"

"மிஸ் போன்ல தாழை ஹோம்னு சொன்னாங்க. நான் எழுதிக்கிட்டேன். தமிழையே எல் போட்டுத்தானே சார் எழுதுறோம்?" என்றார். பிறகு குரல் மாறியது. "ஏன் சார் கேக்குறீங்க?"

"உங்க மெயில் மிஸ்ஸுக்கு வரலை சார். அதே மாதிரி பேர் வச்சிருக்கிற வேற யாருக்கோ போயிருக்கு. பதில் போட்டதும் அவங்கதான். அவங்க யாருன்னு கண்டுபிடிக்க எனக்கு வழி தெரியும். பொண்ணு என்ன டிரஸ் போட்டிருக்கா, சொல்லுங்க."

"பச்சை சுடிதார்," என்றார். "அவ அம்மா தைச்சது."

மிஸ்ஸைக் காவல் நிலையத்துக்குப் போகச் சொன்னேன். நான் பிரவுசிங் சென்டருக்கு ஓடினேன். இரண்டும் ஒரே நேரத்தில் நடக்க வேண்டும் என்பது மட்டும் எனக்குத் தெளிவாக இருந்தது. நானே கண்டுபிடித்துவிடுவேன் என்று போலீஸைத் தள்ளிப்போடவும் கூடாது, போலீஸ் பார்த்துக்கொள்ளும் என்று நான் சும்மா உட்காரவும் கூடாது.

ஒரு இணையப் பெயரை யார் பதிந்திருக்கிறார் என்று அக்காலத்தில் எவரும் பார்க்கலாம். பெயர், ஊர், போன் எண் எல்லாம் திறந்தே கிடக்கும். இன்று பெரும்பாலும் மறைத்து வைக்கிறார்கள். நல்லதுதான். ஆனால் அன்று அது மறைந்திருந்தால் என்ன செய்திருப்பேன் என்று எனக்குத் தெரியவில்லை.

எல் போட்ட பெயரைத் தட்டினேன். வந்தது ஒரு தனியாளின் பெயரும் எண்ணும். கூப்பிட்டேன். எடுத்தவர் என்னைப் போலவே வெப்சைட் செய்பவர். வாடிக்கையாளருக்காக வாங்கிய பெயரைத் தன் பெயரிலேயே பதிந்து வைத்திருந்தார். நீங்கள் யாரும் அதைச் செய்யாதீர்கள். அவசரத்துக்கு உண்மையான சொந்தக்காரரைத் தேடி வருகிறவன் உங்கள் வாசலில் முட்டிக்கொண்டு நிற்பான்.

"கிளையன்ட் நம்பர்லாம் குடுக்க முடியாது சார். இப்ப மீட்டிங்ல இருக்கேன்."

"நானும் இதே தொழில்தான் சார். ஒரு சின்னப் பொண்ணு இன்னைக்குக் காலைல அந்த அட்ரஸை நம்பி ஏர்போர்ட்ல இறங்கியிருக்கு. இப்ப எங்க இருக்குன்னு தெரியலை. என் வாடிக்கையாளர் இப்ப போலீஸ் ஸ்டேஷன்ல இருக்காங்க. அந்தப் பேர் உங்க பேர்லதான் பதிஞ்சிருக்கு."

கடைசி வாக்கியத்தை நான் மிரட்டலாகச் சொல்லவில்லை. அவருக்கு அது மிரட்டலாகத்தான் கேட்டிருக்கும். ஒரு எண்ணையும் ஒரு முகவரியையும் சொன்னார். பொழிச்சலூர். விமான நிலையத்துக்குப் பின்பக்கம். ஏதோ தங்கும் விடுதி என்றார். ஆளைப் பற்றிக் கேட்டேன். "சரியா தெரியாது சார். ஒரே ஒரு தடவைதான் பார்த்தேன்."

அந்த எண்ணைக் கையில் வைத்துக்கொண்டு நின்ற சில நிமிஷங்களைப் போலக் கஷ்டமானவை என் வேலையில் வேறு இல்லை. கூப்பிட்டு, பெண் இருக்கிறாளா என்று கேட்டால், அவர்கள் நல்லவர்களாக இருந்தால் உடனே பதில் கிடைக்கும். கெட்டவர்களாக இருந்தால் நாங்கள் போய்ச் சேர்வதற்குள் அவளை வேறு எங்கேயாவது கொண்டுபோய்விடுவார்கள். கூப்பிடாமலே போனால் வழி நெடுகத் தவிப்பு. கடைசியில் கூப்பிட்டேன். ரூம் வேண்டும் என்று கேட்பவன் மாதிரி.

ஒரு பெண் குரல். "ரூம் கீது சார். ரெண்டு காலி. ஒண்ணுல ஒரு பொண்ணு தங்கிகினு கீது. காலைலேர்ந்து தூங்குது."

"சாயங்காலம் வர்றேன்மா," என்று வைத்தேன்.

தூங்குகிறாள். நல்ல செய்தியா, கெட்ட செய்தியா? காலையிலிருந்து யார் இவ்வளவு நேரம் தூங்குவார்கள்? எனக்கு எதெதுவோ தோன்றியது. மஸ்கட்டுக்குக் கூப்பிட்டு, "பொண்ணு இருக்கிற இடம் தெரிஞ்சிடுச்சு சார், போய்க்கிட்டிருக்கோம்," என்று மட்டும் சொன்னேன். தூங்குவதைச் சொல்லவில்லை.

பக்கத்து வீட்டுக்காரரின் மாருதி வேனில் நான், மிஸ், கூட ஸ்டேஷனிலிருந்து ஒரு ஏட்டையா. பல்லாவரம் வரை போக்குவரத்து நகரவே இல்லை. மிஸ் கைக்குட்டையை முறுக்கிக்கொண்டே வந்தார். பம்மல் தாண்டியதும், "நான் அந்தப் பொண்ணோட அம்மாகிட்ட போன்ல சொன்னேன் தம்பி, என் பொண்ணு மாதிரி பார்த்துப்பேன்னு," என்றார். ஏட்டையா, "பாத்துக்கலாம்மா, பயப்படாதீங்க," என்றார்.

பொழிச்சலூரில் அது ஒரு சாதாரண இரண்டு மாடி வீடு. நீலப் பெயின்ட். வாசலில் 'தாழை ஹோம், விமானப் பயணிகள் தங்குமிடம்' என்று தமிழில் சரியாகவே எழுதியிருந்தது. ஐம்பது வயதைத் தாண்டிய, கட்டுமஸ்தான மனிதர் ஒருவர் வாசலில் காரைக் கழுவிக்கொண்டிருந்தார். ஏட்டையா வேனை விட்டு இறங்கும்போதே குரலை உயர்த்திவிட்டார்.

"யார்யா நீ? பொண்ணு எங்க?"

"இன்னா சார், எந்தப் பொண்ணு?" அவர் கையிலிருந்த துணியோடு அப்படியே நின்றார். "காலைல ஏர்போர்ட்லேர்ந்து இட்டுகினு வந்த பொண்ணா? அது மேல தூங்கிகினு கீது. இன்னா ஆச்சு?"

மிஸ் யாரையும் கேட்காமல் படி ஏறினார். நான் பின்னால் ஓடினேன். கதவைத் தட்டினோம். பதில் இல்லை. மறுபடியும், இந்த முறை இரண்டு கையாலும் தட்டினார். தாழ்ப்பாள் விலகியது. பச்சை சுடிதார். கலைந்த முடி. தலையணைக் கோடு பதிந்த கன்னம்.

"நீங்கதான் எஸ்தர் மிஸ்ஸா?" என்றாள் அந்தப் பெண், கண்ணைக் கசக்கிக்கொண்டு. "சாரி மிஸ். அப்பாவுக்கு போன் பண்ணணும்னு நினைச்சேன். ஃப்ளைட்ல தூங்கவே இல்லை. இட்லி சாப்பிட்டுட்டுப் படுத்தேன், அப்படியே தூங்கிட்டேன். மத்த அக்காங்கல்லாம் காலேஜ் போயிட்டாங்களா?"

தமிழ் வாசிக்கத் தெரியாத அவள், வாசல் போர்டைப் பார்த்தும் ஹாஸ்டலுக்கு வந்துவிட்டதாகவே நினைத்துக்கொண்டிருந்தாள். மிஸ் அவள் தோளைத் தொட்டுப் பார்த்தார், கையைத் தொட்டுப் பார்த்தார், பிறகு மாடிப்படியிலேயே உட்கார்ந்துவிட்டார்.

என் செல்போனில் மஸ்கட்டைக் கூப்பிட்டு அவளிடம் கொடுத்தேன். "அப்பா… நல்லாத்தான்பா இருக்கேன். சாப்பிட்டேன்பா. ஏன்பா அழறீங்க? அப்பா, ஏன்பா?" என்று அவள் கேட்டுக்கொண்டே இருந்தாள்.

கீழே ஏட்டையாவின் குரல் தணிந்திருந்தது. அந்த வீட்டுக்காரரின் பெயர் தேசப்பன். கோவளம் பக்கத்து மீனவக் குடும்பம். கப்பலில் வேலை பார்த்துத் திரும்பி, விடியற்காலை விமானம் பிடிப்பவர்களுக்காக மூன்று ரூம் கட்டியிருந்தார்.

"எங்க ஊர்ல கடலோரம் பூரா தாயஞ்செடிதான் சார். அதான் அந்தப் பேரு," என்றார். அவர் வாயில் ழகரம் யகரமாகத்தான் வந்தது. "மெயிலு வந்துச்சு. என் பொண்ணு வருது, ஆள் அனுப்புங்க, ரூம் ரெடி பண்ணி வைங்கன்னு. எங்கிட்ட எல்லாரும் அப்டித்தான் சார் போடுவாங்க. ஹாஸ்டல்னு ஒரு வார்த்த கீதா அதுல? நான் இன்னாத்தைக் கண்டேன்? அதுக்கு போலீஸா சார்?"

சமையலறையிலிருந்து அவர் மனைவி வந்தார். போனில் என்னோடு பேசிய அதே குரல். "பொம்பளப் புள்ள தனியா வருதேன்னு நானும்தான் காருல கூடப் போனேன். இவரு மட்டும் போனா அது பயந்துடுமேன்னு."

மிஸ் படியிறங்கி வந்து அந்த அம்மாளின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார். இலக்கணம் பிசகாமல் பேசுகிறவருக்கு அன்று ஒரு வாக்கியம்கூட முழுதாக வரவில்லை. தேசப்பன் முகம் இறுகியே இருந்தது. நான் மன்னிப்புக் கேட்டேன். "வுடுங்க சார்," என்றார். ஆனால் பெனிட்டாவின் பெட்டிகளை யாரையும் தொட விடாமல் அவரே தூக்கிவந்து வேனில் வைத்தார்.

திரும்பும் வழியில் அவளுக்கு எல்லாவற்றையும் சொன்னோம். கொஞ்ச நேரம் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு வந்தவள் கேட்டாள்: "அங்கிள், அந்த ஆன்ட்டி நல்லவங்களா இருந்தாங்க. இல்லாம இருந்திருந்தா?"

மிஸ் அவள் கையைப் பிடித்துத் தன் மடியில் வைத்துக்கொண்டார்.

மறுநாளே மிஸ் என் மாடியறைக்கு வந்தார். "பேரை மாத்திடலாம் தம்பி. ழகரம் என் வகுப்போட இருக்கட்டும். பொண்ணுங்க வர்ற வழியில வேண்டாம்." போர்டில் தாழை அப்படியே இருக்கும், இணையத்துக்கு மட்டும் வேறு பெயர் என்று முடிவு செய்தோம். ஊர்ப் பெயரைச் சேர்க்கலாமா என்று யோசித்தார். கூடுவாஞ்சேரி என்பதை அந்த ஊர்க் கடைகளிலேயே ஆளுக்கொரு விதமாக ஆங்கிலத்தில் எழுதியிருந்தார்கள். வேண்டாம் என்று விட்டோம்.

அன்றுதான் நான் இந்த வழக்கத்தைத் தொடங்கினேன். யோசித்த ஒவ்வொரு பெயரையும், ரயில் சத்தத்துக்கு நடுவே, தெரிந்தவர்களுக்குப் போன் போட்டு ஒரே ஒரு முறை சொன்னேன். எழுதச் சொன்னேன். எழுதியதைத் திருப்பி வாசிக்கச் சொன்னேன். இருவர் இரண்டு விதமாக வாசித்தால் அந்தப் பெயர் போயிற்று. மிஸ்ஸுக்குப் பிடித்த அழகான பெயர்கள் ஒவ்வொன்றாக விழுந்தன. அவர் முகத்தைப் பார்க்கவே எனக்குச் சங்கடமாக இருந்தது. கடைசியில் 'மலர் ஹாஸ்டல்' நின்றது. எல்லோரும் ஒரே மாதிரி எழுதினார்கள். பழைய பெயரையும் நாங்கள் விடவில்லை. அதற்கு வரும் மெயில் புதியதற்குப் போகும்படி செய்து, வருஷா வருஷம் புதுப்பித்தோம். மிஸ் செல்போனும் வாங்கினார். தேசப்பனிடம் இரண்டாவது முறை நேரில் போய் மன்னிப்புக் கேட்டதும் மிஸ்தான். வெளிநாட்டிலிருந்து எந்தப் பெண் வந்தாலும் இனி உங்கள் கார்தான், உங்கள் மனைவியும் கூட வர வேண்டும் என்று கேட்டுக்கொண்டார். அப்போதுதான் அவர் முகம் இளகியது என்று என்னிடம் சொன்னார்.

அடுத்த வருஷம் துபாயிலிருந்து ஒரு பெண் சேர வந்தாள். மெயில் சரியான இடத்துக்கு வந்தது. மிஸ் பதில் போட்டார், போனிலும் பேசினார், எனக்கும் தகவல் சொன்னார். எல்லாம் ஒழுங்காக இருந்தது. நான் போக வேண்டிய அவசியமே இல்லை. ஆனாலும் அன்று காலை கடைக்குப் போகிறேன் என்று வீட்டில் சொல்லிவிட்டு விமான நிலையத்துக்குப் போனேன். கம்பித் தடுப்புக்குப் பின்னால் தேசப்பன் பெயர்ப் பலகையோடு நின்றார். பக்கத்தில் அவர் மனைவி. அவர்களுக்குப் பக்கத்தில் எஸ்தர் மிஸ், பிளாஸ்கோடு. தானும் வரப்போவதாக மிஸ் யாரிடமும் சொல்லியிருக்கவில்லை. என்னைப் பார்த்ததும் எதுவும் கேட்காமல் கொஞ்சம் நகர்ந்து இடம் விட்டார்.

விமானம் இறங்கிவிட்டது என்று அறிவிப்புத் திரையில் வந்தது. பிறகும் வெகு நேரம் அவள் வரவில்லை. ஒவ்வொரு முறை கதவு திறக்கும்போதும் நாங்கள் நான்கு பேரும் எக்கி எக்கிப் பார்த்தோம். கடைசியில் தள்ளுவண்டியைத் தள்ளிக்கொண்டு வந்தாள். பலகையைப் பார்த்தாள், எங்களைப் பார்த்தாள், சிரித்துவிட்டாள்.

"என்னைக் கூப்பிட இத்தனை பேரா?"

தேசப்பனின் மனைவி அவள் தோளிலிருந்த பையை வாங்கிக்கொண்டு, "பசிக்குதாம்மா?" என்று கேட்டார்.